பாலாற்று வழக்கும் லாரிப் புகையும்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு நைட் பஸ்ஸில் போனவங்களுக்கு இந்த வழி நல்லாத் தெரியும். வாலாஜா, வேலூர், பள்ளிகொண்டா டோல்கேட், ஆம்பூர், வாணியம்பாடி. ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தா போதும், ஆம்பூர் வந்துடுச்சுன்னு மூக்கே சொல்லிடும். ஒரு பக்கம் பிரியாணி, இன்னொரு பக்கம் டேனரி. நடுவுல விடிய விடிய ஓடுற லாரிகள்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி அந்த ரோட்டில் ஒரு பங்க்கில் எங்க வண்டி நின்னப்போ, பக்கத்து லாரி டிரைவர் ஒரு கேனைத் தூக்கி, நீல மூடி போட்ட சின்ன டேங்க்கில் எதையோ ஊத்திட்டிருந்தார். பார்க்க வெறும் தண்ணி மாதிரி இருந்தது. "என்னண்ணே அது?"ன்னு கேட்டேன். "யூரியா தண்ணி தம்பி. வண்டிக்கு டீசல் சோறுன்னா, இது மாத்திரை. தீர்ந்துபோச்சுன்னா மேடு ஏறாது"ன்னார்.

அந்த மாத்திரை எந்த நோய்க்கு? சீட்டு எழுதிக் கொடுத்தது யாரு? அதைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோடு. தேடப்போனா, கதை எங்கெங்கேயோ சுத்திட்டு மறுபடி அந்த ரோட்டோரத்துக்கே, பாலாற்றங்கரைக்கே வந்து நிக்குது.

கண்ணுக்குத் தெரியாத புகை

லாரிப் புகைன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது கரும்புகை. அது அரைகுறையா எரிஞ்ச டீசல், கரித்தூள். நாம இன்னிக்குப் பேசப்போறது அது இல்லை. நைட்ரஜன் ஆக்சைடு. இன்ஜினியர்கள் சுருக்கமா 'நாக்ஸ்'னு சொல்வாங்க.

இந்த நைட்ரஜன் டீசலிலிருந்து வர்றதில்லை, காத்திலிருந்து வருது. நாம சுவாசிக்கிற காத்தில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். சாதாரணமா அது யாரோடும் சேராது, பேசாம இருக்கும். ஆனா டீசல் இன்ஜின் என்ன பண்ணுது? பெட்ரோல் வண்டி மாதிரி இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அமுக்கி அமுக்கியே கொதிக்க வைக்கும். அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினா, தானாவே பத்திக்கும். அந்தச் சுவாலையின் சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒண்ணு சேர்ந்துடும். அதனால எவ்வளவு சுத்தமான டீசல் ஊத்தினாலும் நாக்ஸ் வரத்தான் செய்யும்.

புகைக்குழாயிலிருந்து வர்ற நைட்ரிக் ஆக்சைடுக்கு நிறமே கிடையாது. வெளியே வந்து நைட்ரஜன் டை ஆக்சைடா மாறி நுரையீரலைப் பதம் பார்க்கும், ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு இன்னும் மோசம். வெயிலில் மத்த வாயுக்களோட சேர்ந்து ஓசோனை உண்டாக்கும். இதை 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மூட்டத்தை ஆராய்ந்து சொன்னவர் ஹாகன்-ஸ்மிட் என்கிற வேதியியல் விஞ்ஞானி. அதோட நிக்கல. காத்தில் அமோனியா இருந்தா அதோட சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாவும் மாறும்.

இன்னொரு சிக்கல் இருக்கு. இன்ஜினுக்குள்ளே சூட்டை ஏத்தினா டீசல் முழுசா எரியும், மைலேஜ் கிடைக்கும், கரும்புகை குறையும், ஆனா நாக்ஸ் ஏறும். சூட்டைக் குறைச்சா நாக்ஸ் குறையும், கரும்புகை ஏறும், மைலேஜ் அடிவாங்கும். தராசு மாதிரி, ஒரு தட்டை அமுக்கினா இன்னொண்ணு மேலே வரும். டீசல் இன்ஜின் செய்றவங்க பல வருஷமா இந்தத் தராசோடதான் மல்லுக்கட்டுறாங்க. இதை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1996: ஒரே வருஷம், ரெண்டு சம்பவம்

1996 ஏப்ரலில் இந்தியாவில் டீசல் லாரிகளுக்குத் திருத்தப்பட்ட மாசு விதிகள் அமலுக்கு வந்தன. நாக்ஸ் வரம்பு, ஒரு கிலோவாட் மணிக்கு 14.4 கிராம். கிலோவாட் மணின்னா வேற ஒண்ணும் இல்லை, நம்ம கரண்ட் பில்லில் வர்ற ஒரு யூனிட். அந்த ஒரு யூனிட் அளவு வேலையை இன்ஜின் செய்யும்போது 14.4 கிராம் வரைக்கும் நாக்ஸ் விடலாம். தாராளமான வரம்பு. யாருக்கும் தூக்கம் கெடல.

அதே வருஷம் ஆகஸ்ட் 28-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. வழக்கின் பெயர், வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் எதிர் இந்திய அரசு. இதில் லாரி பற்றி ஒரு பேச்சும் இல்லை. வழக்கு முழுக்கத் தோலும் தண்ணியும்தான்.

கொஞ்சம் பின்னணி சொல்றேன். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடுவது ரொம்பப் பழைய தொழில். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை மாதிரி மரப்பட்டைகளை வெச்சுப் பதப்படுத்தினாங்க. 1970களில் மத்திய அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. முழுசாப் பதப்படுத்தின தோலா, செருப்பா, ஷூவா அனுப்புங்க, நிறைய டாலர் வரும்னு சொன்னாங்க. டாலர் வந்தது. கூடவே குரோமியம் வெச்சுப் பதனிடும் முறை பெரிசா பரவினது. அந்தக் கழிவுநீர் வாய்க்காலுக்கும் ஏரிக்கும் பாலாற்றுக்கும் போனது. பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் வறண்ட ஆறு. மணலுக்குக் கீழேதான் தண்ணி. விட்ட கழிவு அடிச்சுட்டுப் போக மேலே வெள்ளம் இல்லை, அப்படியே கீழே இறங்கிக் கிணறுகளுக்குள் போனது.

தீர்ப்பில் பதிவான கணக்கைப் பாருங்க. வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுப்படி, டேனரி வட்டாரத்தில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போயிருந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர். குரோம் முறையில் பயன்படும் ரசாயனங்கள் சுமார் 170 வகை.

டேனரி தரப்புக்கும் வாதம் இருந்தது. லட்சக்கணக்கான பேருக்கு வேலை, நாட்டுக்கு அந்நியச் செலாவணி. நாட்டின் தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போவதை நீதிமன்றமும் ஒத்துக்கிட்டது. ஒத்துக்கிட்டே, அதுக்காக மண்ணையும் தண்ணியையும் கெடுக்கும் உரிமை யாருக்கும் கிடையாதுன்னு சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அது. மனுதாரர்களுக்காக வாதாடியவர் எம்.சி. மேத்தா. இந்தப் பெயர் மறுபடி வரும்.

அந்தத் தீர்ப்பு ரெண்டு கொள்கைகள் இந்திய மண்ணின் சட்டம்தான்னு அறிவிச்சது.

முதலாவது, மாசு செய்தவர்தான் செலவை ஏற்கணும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் கொடுக்கணும், கெட்டுப்போன சூழலைச் சரிசெய்யும் செலவையும் தரணும். இதே கொள்கையை அதே வருஷம் பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிச்ரி கிராம வழக்கில் நீதிமன்றம் ஏற்கெனவே கையில் எடுத்திருந்தது.

இரண்டாவது, முன்னெச்சரிக்கைக் கொள்கை. பெரிய கேடு வரும்னு தெரிஞ்சா, அறிவியல் ஆதாரம் நூத்துக்கு நூறு வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. அதைவிட முக்கியமான ஒரு வரி அதில் இருக்கு: நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்பவருடையது. அதாவது, "உன் கழிவாலதான் என் கிணறு கெட்டது"ன்னு விவசாயி நிரூபிக்க அலைய வேண்டாம். "என் தொழிலால கெடுதல் இல்லை"ன்னு தொழிலதிபர் நிரூபிக்கணும்.

யோசிச்சுப் பாருங்க, இது எவ்வளவு பெரிய மாற்றம்! கிணத்து நெல்லிலும் தென்னையிலும் பிழைச்ச ஒரு குடும்பம் குரோமியம் சோதனைக்கு எந்த லேபுக்குப் போகும்?

ஐந்து மாவட்ட டேனரிகள் ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம். சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழலுக்கென்று 'பசுமை அமர்வு' அமைக்கும்படி வேண்டுகோள். இதெல்லாம் அந்த ஒரே தீர்ப்பில்.

வேலூரிலிருந்து டெல்லிக்கு

இப்போ கதை டெல்லிக்குப் போகுது. எம்.சி. மேத்தா 1980களிலேயே டெல்லியின் காத்துக்காக ஒரு வழக்கு போட்டிருந்தார். 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம், டெல்லி பஸ்கள் எல்லாம் 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி. எரிவாயுவுக்கு மாறணும்னு உத்தரவு போட்டது. மாறலை. அரசு இழுத்தடிச்சது. எந்த எரிபொருள்னு நீதிமன்றம் சொல்லக் கூடாது, அளவை மட்டும் சொல்லுங்கன்னு வாதாடினாங்க.

2002 ஏப்ரல் 5-ஆம் தேதி தீர்ப்பு. நீதிபதி கிர்பால் தலைமையிலான அமர்வு அரசின் வாதத்தைத் தள்ளுபடி செய்தது. காலக்கெடு தாண்டி ஓடும் ஒவ்வொரு டீசல் பஸ்ஸுக்கும் முதல் 30 நாள் தினமும் 500 ரூபாய், அதுக்கு மேலே தினமும் 1,000 ரூபாய் அபராதம். இதுக்கெல்லாம் அடிப்படையா அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது எதை? முன்னெச்சரிக்கைக் கொள்கையை. அதுக்கு மேற்கோள் எந்த வழக்கு? வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்.

பாலாற்றங்கரைக் கிணறுகளுக்காக எழுதின வரி, டெல்லியில் டீசல் பஸ்ஸை நிறுத்தப் பயன்பட்டது. எனக்கு இதைப் படிச்சப்போ கொஞ்சம் சிலிர்த்துடுச்சு.

உண்மையைச் சொல்லணும்னா, டெல்லி வழக்கில் பெரிய கவலை கரும்புகைதான், நாக்ஸ் இல்லை. ஆனா அதோட தாக்கம் நாடு முழுக்கப் பரவினது. 2003-ல் வந்த வாகன எரிபொருள் கொள்கை, எந்த வருஷம் எந்த 'பாரத் ஸ்டேஜ்' விதி வரணும்னு நாட்டுக்கே ஒரு அட்டவணை போட்டது.

2015 அக்டோபரில் இன்னொரு உத்தரவு. டெல்லிக்குள் நுழையும் லாரிகள் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் கட்டணும்: சிறிய சரக்கு வண்டிக்கு 700 ரூபாய், பெரிய லாரிக்கு 1,300. டிசம்பரில் அதையே இரண்டு மடங்கா ஆக்கினாங்க. மாசு செய்தவர் செலவை ஏற்கணும்ங்கிற கொள்கைதான் இது, டோல்கேட் ரசீது வடிவத்தில். ஆம்பூரிலிருந்து ஷூ பெட்டி ஏத்திட்டு டெல்லிக்குப் போன லாரி இருந்தா, அதுவும் அந்த ரசீதை வாங்கியிருக்கும்.

14.4-லிருந்து 0.4 வரைக்கும்

சரி, லாரி இன்ஜினுக்கு என்ன ஆச்சு? வரம்பு எப்படி இறங்கினதுன்னு பாருங்க. 1996-ல் 14.4 கிராம். 2000-ல் 8. பி.எஸ்.2-ல் 7. பி.எஸ்.3-ல் 5. பி.எஸ்.4-ல் 3.5. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6-ல் வெறும் 0.4. 24 வருஷத்தில் 36-ல் ஒரு பங்கு.

முதல் சில படிகளை இன்ஜினுக்குள்ளேயே சமாளிச்சாங்க. டீசல் பீச்சுற நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டாங்க, டர்போவும் காத்தைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் வந்தன. அடுத்த தந்திரம் ஈ.ஜி.ஆர். வெளியே போற புகையில் ஒரு பங்கைத் திருப்பி சிலிண்டருக்கே அனுப்புறது. அதில் ஆக்சிஜன் குறைவு, அதனால சுவாலையின் உச்சச் சூடு குறையும், நாக்ஸும் குறையும். ஆனா தராசு ஞாபகம் இருக்கா? கரும்புகை ஏறும்.

இன்னொரு வழி, இன்ஜினை அதன் போக்கில் சூடா எரிய விட்டுட்டு, வெளியே வர்ற நாக்ஸைக் குழாயிலேயே பிடிக்கிறது. அதுதான் எஸ்.சி.ஆர். இங்கேதான் நம்ம டிரைவர் அண்ணனின் கேன் வருது. அதில் இருக்கறது 32.5 சதவீத யூரியா, மிச்சம் சுத்தமான தண்ணி. சூடான புகைக்குழாய்க்குள் அதைப் பீச்சினா, யூரியா உடைஞ்சு அமோனியா ஆகும். அந்த அமோனியா வினையூக்கியின் மேல் நாக்ஸோட சேரும். கடைசியில் வெளியே வர்றது நைட்ரஜனும் நீராவியும். காத்திலிருந்து எடுத்ததைக் காத்துக்கே திருப்பிக் கொடுக்கறது.

அமோனியான்னதும் ஆம்பூர்க்காரங்களுக்குச் சிரிப்பு வரலாம். தோலில் ஏறின சுண்ணாம்பை நீக்க அமோனியம் உப்புகளைப் போடுவாங்க, டேனரி டிரம் பக்கம் போனா அந்த நெடி மூக்கைத் துளைக்கும். காத்தில் கலந்தா நாக்ஸோட சேர்ந்து நுண்துகள் ஆகுற அதே வாயு, லாரிக் குழாய்க்குள் அளவா, சரியான இடத்தில் போனா நாக்ஸையே ஒழிக்குது.

பி.எஸ்.4 காலத்தில், சென்னையைத் தலைமையிடமா கொண்ட அசோக் லேலண்ட் யூரியா வேண்டாம்னு ஐ.ஈ.ஜி.ஆர். என்ற வழியில் போனது. வேறு பெரிய கம்பெனிகள் எஸ்.சி.ஆர். பக்கம் போனாங்க. எது சிறந்ததுன்னு லாரி ஓனர்கள் நடுவில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. 0.4 கிராம் வந்ததும் பட்டிமன்றம் முடிஞ்சது. அவ்வளவு கீழே போகப் பெரிய லாரிகளுக்கு எஸ்.சி.ஆர். இல்லாமல் முடியாது. கரித்தூளைப் பிடிக்கத் தனியா ஒரு வடிகட்டியும் சேர்ந்தது.

ஆனா இதுக்கெல்லாம் டீசல் ஒத்துழைக்கணும். டீசலில் கந்தகம் இருந்தா வினையூக்கியைக் கெடுத்துடும். பி.எஸ்.3 டீசலில் பத்து லட்சத்துக்கு 350 பங்கு கந்தகம் இருக்கலாம். பி.எஸ்.4-ல் 50. பி.எஸ்.6-ல் 10. 2010-லிருந்து சென்னை உட்பட 13 நகரங்களுக்கு மட்டும் பி.எஸ்.4, மத்த ஊருக்கெல்லாம் பி.எஸ்.3. நாடு முழுக்க ஓடுற லாரி எங்கே டீசல் போடும்? வழியில் கிடைக்கிற இடத்தில்தான். அதனால நகரத்துக்கு ஒரு விதி, நெடுஞ்சாலைக்கு ஒரு விதின்னு இருந்த வரைக்கும் லாரிகள் பழைய இன்ஜினோடவே ஓடின. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க ஒரே பி.எஸ்.4 ஆனபிறகுதான் அந்த ஓட்டை அடைபட்டது.

2017 மார்ச் கடைசி நாட்கள் உங்களில் சிலருக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும். பைக் ஷோரூம் வாசலில் கூட்டம், 22,000 ரூபாய் வரைக்கும் தள்ளுபடி. ஏன்? மார்ச் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டிகளை விற்கவே கூடாதுன்னு சொல்லிடுச்சு. கம்பெனிகளிடம் விற்காமல் இருந்தது சுமார் 8.24 லட்சம் வண்டிகள், அதில் 96,000-க்கு மேல் சரக்கு, பயணிகள் வண்டிகள். தயாரிக்கத்தான் தடை, விற்கத் தடை இல்லையேன்னு கம்பெனிகள் கேட்டாங்க. கோடிக்கணக்கான மக்களின் உடல்நலம் உங்க வியாபார லாபத்தைவிடப் பெரிசுன்னு நீதிமன்றம் பதில் சொன்னது. அடுத்த வருஷம் அக்டோபரிலேயே, 2020 மார்ச் 31-க்குப் பிறகு பி.எஸ்.4 வண்டி விற்பனை கிடையாதுன்னும் முன்கூட்டியே சொல்லிட்டாங்க. பி.எஸ்.5-ஐத் தாண்டி நேரா பி.எஸ்.6-க்குத் தாவுறதுன்னு மத்திய அரசு 2016 ஜனவரியிலேயே முடிவெடுத்திருந்தது.

பரீட்சைக்கு மட்டும் நல்ல பிள்ளை

இப்போ நீங்க கேட்கலாம்: 0.4-னு பேப்பரில் போட்டாச்சு, ரோட்டில் நிஜமா 0.4 வருதா?

இதுக்கு அமெரிக்காவில் ஒரு பழைய பாடம் இருக்கு. 1998-ல் ஏழு பெரிய லாரி இன்ஜின் கம்பெனிகள் மாட்டினாங்க. சுமார் 13 லட்சம் இன்ஜின்கள். பரீட்சை அறையில் ஓடும்போது இன்ஜின் விதிப்படி நடந்துக்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட ஆரம்பிச்சதும், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் டீசல் பீச்சும் நேரத்தை மாத்திடும். மைலேஜ் கூடும், நாக்ஸ் அனுமதிச்ச அளவைப் போல மூணு மடங்கு வரைக்கும் போகும். அதே தராசுதான், ஆனா யாரும் பார்க்காதப்போ மறுபக்கம் சாய்ச்சுட்டாங்க. 8.34 கோடி டாலர் அபராதம் கட்டினாங்க.

இதைப் படிக்கும்போது எனக்கு டேனரி வட்டாரம்தான் ஞாபகம் வந்தது. தீர்ப்புக்கு முன்னும் பின்னும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினாங்க. கழிவுநீரின் நிறமும் நாத்தமும் குறைஞ்சது. ஆனா தோல் கெடாமல் இருக்கப் போடுற உப்பு? அந்த நிலையங்களின் வழக்கமான முறை உப்பைப் பிரிக்காது. பார்க்கத் தெளிஞ்ச தண்ணி, வாயில் வெச்சா உப்பு. அதுக்கப்புறம் சவ்வு வெச்சு வடிகட்டும் முறை வேண்டியிருந்தது, அதுக்குத் தனிச் செலவு. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, தூங்கிட்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனாங்க. நிலையம் கட்டியாச்சுன்னு கணக்கு முடியறதில்லை, தினமும் யாராவது பார்க்கணும்.

தண்ணியில் உப்பு எப்படியோ, புகையில் நாக்ஸ் அப்படி. நிறம் போனதும் எல்லாம் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிறோம். டீசல் வண்டிக்கு நாம எடுக்கிற பி.யு.சி. சான்றிதழ் இருக்கே, அதில் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான். நாக்ஸை அது அளக்கறதே இல்லை. ஒரு லாரியின் எஸ்.சி.ஆர். முழுசா செயலிழந்திருந்தாலும், கரும்புகை வராத வரைக்கும் அது பாஸ்.

அதனாலதான் பி.எஸ்.6 லாரியிலேயே நாக்ஸ் சென்சார் இருக்கு. யூரியா தீர்ந்தாலோ, சரக்கு சரியில்லைன்னாலோ முதலில் எச்சரிக்கை விளக்கு எரியும், அப்புறம் இன்ஜின் தன் சக்தியைக் குறைச்சுக்கும். "மேடு ஏறாது"ன்னு அண்ணன் சொன்னது இதைத்தான். 2023 ஏப்ரலில் வந்த இரண்டாம் கட்டத்தில், லேபில் மட்டும் இல்லாமல் ரோட்டில் ஓடும்போதும் கருவி பொருத்தி அளக்கணும்னு விதி வந்தது. வேலூர் தீர்ப்பின் அந்த வரியை மறுபடி நினைச்சுப் பாருங்க. நிரூபிக்கிற பொறுப்பு யாருடையது? இப்போ வண்டியே தினமும் தன்னை நிரூபிச்சுக்கிட்டு ஓட வேண்டியிருக்கு.

இதிலும் ஓட்டைகள் உண்டு. எஸ்.சி.ஆர். வேலை செய்யப் புகைக்குழாய் சுமார் 200 டிகிரிக்கு மேல் சூடா இருக்கணும். ஊருக்குள் நெரிசலில் நின்னு நின்னு போற வண்டியில் அந்தச் சூடு வராது. சென்சாரை ஏமாத்துற சின்னக் கருவிகள் ஐரோப்பாவிலேயே பிடிபட்டிருக்கு. 2021-ல் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினப்போ, தென்கொரியாவில் யூரியா தண்ணி கிடைக்காமல் லாரிக்காரர்கள் தவிச்சுப்போனாங்க. சரக்கே நின்னுடுமோன்னு நாடே பயந்தது.

செலவை யார் ஏற்கிறது?

கடைசியா எனக்குள் இருக்கிற ஒரு உறுத்தலைச் சொல்லிட்டு முடிக்கிறேன்.

மாசு செய்தவர் செலவை ஏற்கணும். கேட்க நியாயமா இருக்கு. ஆனா பி.எஸ்.6 லாரியின் கூடுதல் விலை, நூறு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் யூரியா, வடிகட்டி அடைச்சா ஆகுற சர்வீஸ், இதெல்லாம் யார் தலையில் விழுது? கடன் வாங்கி ஒரே ஒரு லாரி வெச்சிருக்கிற ஓனர் தலையில். அந்த லாரியில் போற ஷூவைப் போடுறவங்க ஐரோப்பாவில் இருக்காங்க, நம்ம ஊர் மாலில் வாங்குற நாமும் இருக்கோம். வாடகை அதுக்கேத்த மாதிரி ஏறலைன்னா, அந்த ஓனர் என்ன பண்ணுவார்? பழைய லாரியையே இன்னும் பத்து வருஷம் ஓட்டுவார். 0.4 கிராம் விதி புது லாரிக்குத்தான். இன்னிக்கும் அந்த ரோட்டில் 5 கிராம் காலத்து லாரிகளும் ஓடிட்டுத்தான் இருக்கு.

பாலாற்றுக் கதையும் முடியல. 1996 தீர்ப்பின்படி அமைஞ்ச ஆணையம் 2001-ல் விவசாயிகளுக்கு இழப்பீட்டைக் கணக்கிட்டுச் சொன்னது. ஆனா 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு. பாதிக்கப்பட்டு இன்னும் இழப்பீடு கிடைக்காதவங்களுக்கு அரசு பணம் கொடுக்கணும், அதை மாசு செய்தவங்ககிட்ட வசூலிக்கணும், கண்காணிக்க ஒரு குழு வேணும்னு சொன்னது. முதல் தீர்ப்பு வந்து 28 வருஷத்துக்கு மேல் ஆச்சு. அந்த வருஷம் பிறந்த குழந்தைக்கு இன்னிக்குக் குழந்தை இருக்கலாம்.

ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சா எனக்குத் தோணுறது இதுதான். லாரி விஷயத்தில் விதி வேகமா பலிச்சதுக்குக் காரணம், வரம்போட கூடவே டீசலும் மாறினது, தேதியும் மாறாமல் நின்னது, அளக்குற சென்சாரும் வண்டிக்குள்ளேயே ஏறினது. தண்ணி விஷயத்தில் கொள்கை உலகத்தரம், ஆனா கிணத்துக்குப் பக்கத்தில் தினமும் நின்னு அளக்க ஆள் இல்லை. கொள்கையைக் கொடுத்த ஊருக்கே அதோட பலன் கடைசியா வருதுன்னா, அதுக்குப் பேர் என்னன்னு எனக்குத் தெரியல.

அடுத்த தடவை அந்த ரோட்டில் போகும்போது பங்க்கில் நீல மூடியைப் பார்த்தீங்கன்னா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாலாற்று மணலையும் ஒரு தடவை எட்டிப் பாருங்க. உங்க ஊர் டேனரி, லாரி, கிணறு பத்திச் சொல்ல ஏதாவது இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம். வணக்கம்.